முத்திரை இல்லாத எடைக்கல்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 'ஆனர்ஸ்' ஆங்கில வகுப்பு உண்டு. கூடுதல் நூல்கள், கடினமான கட்டுரைகள். சாதாரண வகுப்பில் 'ஏ' வாங்கினால் 4 புள்ளி. ஆனர்ஸ் வகுப்பின் 'ஏ'வுக்குப் பல பள்ளிகள் 4.5 அல்லது 5 தருகின்றன. உழைப்புக்கேற்ற கூலி, நியாயமே!

ஆனால், எடைக்கல் யார் கையில்? 'ஏ.பி.' ஆங்கிலத்திற்குக் காலேஜ் போர்டு நாடு முழுவதும் ஒரே தேர்வு நடத்துகிறது. ஆனர்ஸுக்கு அத்தகைய பொதுத்தேர்வு இல்லை. ஓர் ஆசிரியர் 'ஏ' போடும் கட்டுரைக்கு அடுத்த வகுப்பறையில் 'பி' விழலாம். அந்த ஓர் எழுத்து கல்லூரி வாசல்வரை மாணவனைத் தொடர்கிறது.

முத்திரை இல்லாத எடைக்கல்லைக் கடைவீதி ஏற்குமா? எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை, கட்டுரை எழுதும் முன்பே மாணவனுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். குறைத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஆசிரியர் கடுமை காட்டட்டும். அளவை மறைக்க வேண்டாம்!