இருபது தடவை எழுது!

மண்ணூர்பேட்டையில் எனக்குத் தெரிந்தவர் வீட்டுக்கு ஒரு மாலை போயிருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு விட்டு ஜனங்கள் சாரிசாரியாகத் திரும்பிக்கொண்டிருந்த நேரம். கூடத்தில் ஒன்றாம் வகுப்புப் படிக்கிற சிறுமி ஒருத்தி குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருந்தாள். அழுது ஓய்ந்த முகம். பென்சிலைப் பிடித்திருந்த விரல் நுனி வெளுத்துப் போயிருந்தது.

"தப்பா எழுதிட்டா சார். இருபது தடவை எழுதிட்டு வரணுமாம்" என்றாள் தாய்.

என்ன தப்பு என்று நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு ரயில் படம். அதன் ஜன்னலில் ஒரு சின்னத் தலை. கீழே 'ரயலு போச்சு' என்று எழுதி, அதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். 'ரயில் போயிற்று' என்று இருபது முறை எழுதவேண்டும் என்பது தண்டனை. விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. எஸ்டேட்டு வேலைக்காக ஒடிசாவிலிருந்து வந்து பக்கத்தில் குடியிருந்த ஒரு குடும்பம் ஊருக்கே திரும்பிப் போய்விட்டது. அந்த வீட்டுப் பெண்தான் இவளுக்கு ஒரே சிநேகிதி.

நான் கேட்கிறேன்: இதில் யார் தப்புச் செய்தது?

'போச்சு' என்று எழுத ஓர் ஆறு வயதுக் குழந்தை என்னென்ன தெரிந்திருக்கவேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். இரட்டைக் கொம்பை முன்னால் போட்டு, காலைப் பின்னால் போட்டு, நடுவே 'ப'வை உட்கார வைக்கவேண்டும். பிறகு புள்ளி வைத்த ஒரு 'ச்', அதற்குப் பின் 'சு'. காதில் விழுந்ததை எழுத்தாகப் பிரித்து, பிசகாமல் எழுதியிருக்கிறாள். 'ரயிலு'வில் ஒரு மேல்விலங்கு விட்டுப்போயிற்று, அவ்வளவுதான். 'போயிற்று' என்று அவள் வீட்டில் யார் பேசுகிறார்கள்? உங்கள் வீட்டில் யார் பேசுகிறார்கள்? பேச்சு ஒன்றும் எழுத்து ஒன்றுமாய் இருக்கிற நம் பாஷையில், பேசுகிறபடி எழுதுவதுதான் குழந்தை ஏறுகிற முதல் படி. அந்தப் படியில் கால் வைத்தவளை நாம் பிடித்துத் தள்ளுகிறோம்.

அதைவிடப் பெரிய குற்றம், அந்த ஜன்னலில் இருந்த தலை யாருடையது என்று ஒருவரும் கேட்காததுதான். தன் துக்கத்தை எழுதிக் காட்ட முடியும் என்று அவள் கண்டுபிடித்திருக்கிறாள். எழுத்து எதற்காக இருக்கிறது என்பதே அதுதானே! இருபது வருஷமாய்க் கதை எழுதிப் பிழைக்கிற நான் அதற்கு மேல் என்ன செய்துவிட்டேன்?

"நாங்களெல்லாம் இம்போசிஷன் எழுதிப் படிக்கவில்லையா?" என்பார்கள். படித்தோம். நம்மோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்து, பாதியில் நின்றுபோனவர்களையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தைத் துணைக்கு இழுப்பவர்களும் உண்டு. அங்கே பிரம்பு இருந்தது வாஸ்தவம். ஆனால் பிள்ளைகள் மணலில் எழுதினார்கள். தப்பாய்ப் போனால் உள்ளங்கையால் ஒரு துடைப்பு! மணலில் சிவப்பு மை நிற்காது. எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து, அதையே தம் பள்ளியிலும் வைத்து, 1797-ல் லண்டனில் புத்தகமாகவும் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்று சீமை அதைக் கொண்டாடியது. நாம் மணலைக் கொட்டிவிட்டுப் பிரம்பை மட்டும் பத்திரப்படுத்திக்கொண்டோம்.

சட்டம் இல்லாமலும் இல்லை. குழந்தைகளுக்கு உடல் தண்டனையும் மனத் துன்பமும் கூடாது என்கிறது 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப் பாடமே கூடாது என்று 2018 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022-ல் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை சர்க்கார் தொடங்கியது. அதில் பாட்டு, பொம்மை, கதை எல்லாம் உண்டு. பிள்ளைகளை அவரவர் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அது எல்லா இடத்திலும் ஒழுங்காய் நடக்கிறது என்று சத்தியம் செய்ய நான் வரவில்லை. ஆனால் நம் மத்தியதர வர்க்கத்து மகாஜனங்கள் அதைப் பார்த்து என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "ஸ்கூல்ல ஆட்டம் பாட்டம்தான், படிப்பே இல்லை!" நோட்டு நிரம்பியிருந்தால்தான் கட்டின பணத்துக்குக் கணக்கு. பள்ளிக்கூடக்காரன் இதைத் தெரிந்து வைத்திருக்கிறான். நாம் கேட்கிற சரக்கைத்தான் அவன் விற்கிறான்.

எழுத்துப் பிழையைத் திருத்தவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் அவள் எழுதியதைப் படியுங்கள். அப்புறம் அந்த மேல்விலங்கைப் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டுங்கள். ஒரு தடவை போதும்.

பன்னிரண்டு வரி முடித்திருந்தாள். "மிச்சத்தை எழுத வேண்டாம்" என்றேன். தாய் பதறிப் போனாள். "நாளைக்குக் கேட்பாங்களே சார்?"

"என் பேரைச் சொல்லுங்கள். நான் வந்து எட்டு வரியையும் எழுதித் தருகிறேன்" என்றேன்.