பவுலேட்டாவை ஏன் மறந்தோம்?



இலக்கணக் குறிப்போ பயிற்றியோ தேடி இங்கு வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். இன்றைய இடுகை காற்பந்தைப் பற்றியது. சற்றே கோபத்தோடு எழுதப்பட்டது. அந்தக் கோபத்தில் ஒரு பங்கு என்மீதே எனக்கு உண்டு.

ஆண் ஆசிரியர்கள் குறைவாக இருந்த காரணத்தால், சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பள்ளியின் காற்பந்துக் குழு என் பொறுப்பில் விடப்பட்டது. ஆட்டத்தின் விதிகளையே மாணவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டவள் நான். மாவட்டப் போட்டிக்கான பெயர்ப்பட்டியல் தயாரான வாரத்தில், திங்கட்கிழமைச் சபைகூடலில் பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. எல்லாரும் சொல்லும் கதையைத்தான் நானும் சொன்னேன். மடெய்ரா என்னும் தீவில் ஓர் ஏழைச் சிறுவன் பிறந்தான். 1997-இல், பன்னிரண்டு வயதில், அவனுடைய திறமையைக் கண்டு லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் கழகம் அழைத்துக்கொண்டது. அவனே கிறிஸ்டியானோ ரொனால்டோ. மாணவர்கள் கைதட்டினார்கள்.

சபைகூடல் முடிந்ததும், பட்டியலில் இடம்பெறாத ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். “டீச்சர், எனக்குப் பன்னிரண்டு வயசு ஆயிடுச்சு. இனிமே முடியாதுல்ல?” என்று கேட்டான். வருத்தமாகக்கூட அவன் கேட்கவில்லை. ஒரு கணக்கின் விடையைச் சரிபார்ப்பதைப் போலக் கேட்டான். “முயற்சி செய்யப்பா” என்று ஏதோ சொல்லி அனுப்பினேன். அது பதிலன்று என்பது எனக்கும் தெரிந்திருந்தது, அவனுக்கும் தெரிந்திருந்தது.

அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய கதை வேறொன்று. அதுவும் போர்த்துகலைச் சேர்ந்த, அட்லாண்டிக் பெருங்கடலின் தீவொன்றில் பிறந்த ஒரு தாக்குதல் ஆட்டக்காரரின் கதைதான். அன்று அது எனக்குத் தெரியாது. பின்னர் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒரு கேள்வி வலுத்தது. இந்த மனிதரை நாம் ஏன் பிள்ளைகளிடம் பேசுவதே இல்லை?

யார் இந்த பவுலேட்டா?

பெட்ரோ மிகேல் கரெய்ரோ ரெசென்டெஸ் என்பது அவருடைய முழுப்பெயர். உலகம் அவரை பவுலேட்டா என்று அழைத்தது. 1973 ஏப்ரல் 28-ஆம் நாள் அசோரஸ் தீவுக்கூட்டத்தின் பொன்டா டெல்காடா நகரில் பிறந்தார். ஒன்பது தீவுகளைக் கொண்ட அசோரஸ், லிஸ்பனிலிருந்து ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் தொலைவில், நடுக்கடலில் இருக்கிறது. 

ரொனால்டோ பதினெட்டு வயதில், 2003-இல், மான்செஸ்டர் யுனைடெட் அணிக்குச் சென்றார். பவுலேட்டாவோ இருபது வயதைத் தாண்டியும் தீவுகளின் சிறு கழகங்களில் ஆடிக்கொண்டிருந்தார். 1995-இல்தான் பெருநிலத்தின் எஸ்தொரில் கழகத்திற்கு வந்தார். அதுவும் இரண்டாம் பிரிவில் இருந்த கழகம். அடுத்த ஆண்டு ஸ்பெயினின் சலமான்கா. அதுவும் இரண்டாம் பிரிவே. அங்கே 1996-97 பருவத்தில் 19 கோல்கள் போட்டு அப்பிரிவின் முதன்மைக் கோல்வீரரானார். அணியும் முதற்பிரிவுக்கு உயர்ந்தது. 1997-இல் தேசிய அணியில் முதன்முறையாகக் களமிறங்கியபோது அவருக்கு வயது 24.

இப்பொழுது ஒரு செய்தியைக் கவனியுங்கள். தம் வாழ்நாள் முழுவதிலும் போர்த்துகலின் முதற்பிரிவு லீக்கில் பவுலேட்டா ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. பென்ஃபிகா, போர்ட்டோ, ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று பெருங்கழகங்களின் முதல் அணிச் சட்டையை அவர் அணிந்ததே இல்லை. ஆனால், போர்த்துகல் நாட்டிற்காக மிக அதிகக் கோல் போட்டவர் என்னும் சாதனை ஏறத்தாழ எட்டரை ஆண்டுகள் அவரிடமே இருந்தது!

2005 அக்டோபர் 12-ஆம் நாள் லாட்வியாவுக்கு எதிராக இரண்டு கோல்கள் போட்டு, மாவீரர் யூசேபியோவின் 41 கோல் சாதனையை அவர் கடந்தார். 2006-இல் விடைபெறும்போது 88 ஆட்டங்களில் 47 கோல்கள். 2014 மார்ச் மாதம் கேமரூனுக்கு எதிராகத்தான் ரொனால்டோ அந்த எண்ணிக்கையைத் தாண்டினார். சாதனைப் பட்டியலில் ரொனால்டோவுக்கும் யூசேபியோவுக்கும் நடுவே நிற்கும் பெயர் பவுலேட்டா. மேலும் கீழும் இருக்கும் பெயர்களை எல்லாரும் அறிவர். நடுவில் உள்ளவரைத்தான் கேட்டால் விழிக்கிறோம்.

முதல் குற்றச்சாட்டு: “எளிய எதிரணிகள்”

காற்பந்து அறிந்த நண்பர்களிடம் பவுலேட்டா என்றதும் வரும் முதல் மறுமொழி இதுதான்: “அவர் சின்னச் சின்ன நாடுகளிடம் கோல் போட்டவர்.”

இதில் ஓரளவு உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. 2003-இல் குவைத்தை 8-0 என வென்ற நட்பாட்டத்தில் நான்கு கோல்கள் அவருடையவை. அப்படிப்பட்ட ஆட்டங்கள் அவர் கணக்கில் உண்டு. எந்தத் தாக்குதல் ஆட்டக்காரரின் கணக்கில்தான் இல்லை? தகுதிச்சுற்றில் யாரோடு ஆடுவது என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. ஆட்டக்காரர் முடிவு செய்வதில்லை. அதே எதிரணிகளை அதே அணியின் மற்றவர்களும் சந்தித்தார்கள். 2006 உலகக் கிண்ணத் தகுதிச்சுற்றில் 11 கோல்களுடன் ஐரோப்பாவிலேயே முதலிடம் பெற்றவர் பவுலேட்டா ஒருவரே.

வலிய எதிரணிகளைப் பற்றியும் பேசுவோம். 2002 உலகக் கிண்ணத் தகுதிச்சுற்றில் நெதர்லாந்தும் போர்த்துகலும் ஒரே பிரிவில் இருந்தன. 2000 அக்டோபரில் நெதர்லாந்து மண்ணிலேயே போர்த்துகல் 2-0 என வென்றது. அவற்றுள் ஒரு கோல் பவுலேட்டாவுடையது. 2001 மார்ச்சில் சொந்த மண்ணில் போர்த்துகல் 0-2 எனப் பின்தங்கியிருந்தது. 83-ஆம் நிமிடத்தில் பவுலேட்டா ஒரு கோல் போட்டார். இறுதி நொடிகளில் ஃபிகோ பெனால்டியில் சமன்செய்தார். அந்தப் பிரிவில் மூன்றாமிடம் பெற்ற நெதர்லாந்து உலகக் கிண்ணத்திற்கே செல்லவில்லை. நெதர்லாந்தும் ஒரு சின்ன நாடா?

2002 ஜூன் 10-ஆம் நாள், தென்கொரியாவின் ஜியோன்ஜு நகரில், உலகக் கிண்ண மேடையில் போலந்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்கள் போட்டவரும் இவரே. எளிய எதிரணி என்று ஒதுக்குபவர்கள் இந்த ஆட்டங்களை ஏன் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை?

இரண்டாம் குற்றச்சாட்டு: “பெரிய போட்டியில் காணாமற் போனார்”

இது கனமான குற்றச்சாட்டு. 2004 ஐரோப்பியக் கிண்ணம் போர்த்துகலிலேயே நடைபெற்றது. நாடே எதிர்பார்த்த அந்தப் போட்டியில் பவுலேட்டா ஒரு கோலும் போடவில்லை. கிரேக்கத்திடம் 0-1 எனத் தோற்ற இறுதியாட்டத்தில், ஆட்டம் முடியுமுன்பே அவருக்குப் பதிலாக நூனோ கோமெஸ் இறக்கப்பட்டார். 2006 உலகக் கிண்ணத்திலும் அங்கோலாவுக்கு எதிராக 4-ஆம் நிமிடத்தில் போட்ட ஒரே கோலோடு நின்றுவிட்டார்.

ஒப்புக்கொள்கிறேன். பவுலேட்டா யூசேபியோ அல்லர். யூசேபியோ தம் 41 கோல்களை 64 ஆட்டங்களிலேயே போட்டவர். 1966 உலகக் கிண்ணத்தில் மட்டும் ஒன்பது கோல்கள். பவுலேட்டா ரொனால்டோவும் அல்லர். அவர்களுக்கு இணையானவர் என்று வாதாடினால் அது பொய்யாகும்.

ஆனால், ஒரு மனிதரை அவருடைய மோசமான மாதத்தை வைத்து மட்டும் எடைபோடுவது எவ்வகை நீதி? 2004 ஜூலையில் நாடே ஏமாந்து நின்றபோது அவருக்கு வயது 31. பலர் அங்கேயே முடிந்துபோயிருப்பார்கள். அவரோ அதற்கடுத்த பதினைந்து மாதங்களில்தான் அந்த 11 கோல்களைப் போட்டு, யூசேபியோவின் சாதனையைக் கடந்து, நாட்டை உலகக் கிண்ணத்திற்குக் கொண்டுசெல்வதில் பெரும்பங்கு ஆற்றினார். அந்த உலகக் கிண்ணத்தில் போர்த்துகல் அரையிறுதிவரை சென்றது. தேர்வில் ஒரு தாள் தவறிய மாணவன் அடுத்த ஆண்டு எழுந்து நின்றால் மகிழ்கிறோம் அல்லவா? ஆட்டக்காரருக்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல்?

பிரான்சு சொல்லும் சான்று

சலமான்காவிலிருந்து 1998-இல் டெபோர்ட்டிவோ லா கொருன்யாவுக்குச் சென்றார். 2000-இல் அக்கழகம் தன் வரலாற்றின் ஒரே ஸ்பானிய லீக் பட்டத்தை வென்றபோது அவரும் அணியில் இருந்தார். ஆனால், முதன்மை இடம் ராய் மக்காயினுடையது. இவர் பெரும்பாலும் காத்திருக்கும் வரிசையில். பட்டம் பெற்ற அணியில் உட்கார்ந்திருப்பதைவிட ஆடுவதே மேல் என்பதுபோல், 27 வயதில் பிரான்சின் பொர்தோ கழகத்திற்குப் புறப்பட்டார். முதல் ஆட்டத்திலேயே நான்ட் அணிக்கு எதிராக மூன்று கோல்கள்!

அதன்பின் எட்டு ஆண்டுகள் பிரான்சு அவரை மறக்கவில்லை. 2002, 2006, 2007 என மூன்று முறை பிரெஞ்சு லீக்கின் முதன்மைக் கோல்வீரர் (முதல் முறை ஜிப்ரில் சிஸ்ஸேவுடன் இணைந்து). 2002-இலும் 2003-இலும் அந்நாட்டு ஆட்டக்காரர்களே வாக்களித்து ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராக அவரைத் தேர்ந்தெடுத்தனர். 2003-இல் பாரிஸ் செயின்ட் ஜெர்மனுக்கு மாறினார். 2004 பிரெஞ்சுக் கிண்ண இறுதியாட்டத்தின் ஒரே கோல் அவருடையது.

இன்றைய பிள்ளைகள் அறிந்த பணக்கார பாரிஸ் அணி அன்று இல்லை. கட்டார் நாட்டின் பணம் 2011-இல்தான் வந்தது. பவுலேட்டா ஆடிய அணி 2007-இல் லீக்கில் 15-ஆம் இடத்திலும், 2008-இல் 16-ஆம் இடத்திலும் முடித்து, கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படாமல் தப்பிய அணி. பதினைந்தாம் இடத்து அணியில் இருந்துகொண்டு லீக்கின் முதன்மைக் கோல்வீரராவது எத்தகைய உழைப்பு என்பதை எண்ணிப் பாருங்கள். அக்கழகத்திற்காக அவர் போட்ட 109 கோல்கள் 2015-இல் இப்ராஹிமோவிச் கடக்கும்வரை கழகச் சாதனையாக இருந்தன. கோல் போட்டதும் இரு கைகளையும் சிறகுபோல் விரித்து ஓடுவார். பிரெஞ்சு மக்கள் அவரை ‘அசோரஸின் கழுகு’ என்று அழைத்தனர்.

நம் தவறு எங்கே?

பவுலேட்டா மறக்கப்பட்டதற்கு மேற்சொன்ன இரண்டு குற்றச்சாட்டுகளும் உண்மையான காரணமல்ல என்றே கருதுகிறேன். அவருடைய கதை நமக்குப் பிடித்த கதையாக இல்லை. அதுதான் காரணம். சிறுவயதிலேயே கண்டெடுக்கப்பட்ட மேதையின் கதை நமக்கு வசதியானது. தேர்ந்தெடுத்தவருக்கு அது பெருமை தருகிறது. தேர்ந்தெடுக்கப்படாத பிள்ளைகளைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை என்றும் அது சொல்லாமல் சொல்கிறது. முளையிலேயே தெரிந்துவிடும் என்று நம்பிவிட்டால், முளைக்கத் தாமதமாகும் விதைக்கு நீர் ஊற்ற வேண்டிய கடமை நமக்கில்லை அல்லவா?

“அப்படியானால், கைவிடப்பட்ட ஒவ்வொரு பிள்ளையும் பவுலேட்டா ஆகிவிடுவானா?” என்று கேட்பீர்கள். ஆகமாட்டான். அப்படிச் சொல்லி ஆசை காட்டுவதும் ஏமாற்று வேலைதான். தாமதமாக வருவோர் எல்லாரும் வெல்வர் என்பது என் வாதமன்று. அவர் வரும்வரை ஆட ஓர் இடம் இருந்தது என்பதே என் வாதம். தீவில் சிறு கழகங்கள் இருந்தன. எஸ்தொரில் இருந்தது. சலமான்கா இருந்தது. பெரிய கழகங்கள் எட்டிப் பாராத அந்த இடங்களில் வாரந்தோறும் அவருக்கு ஓர் ஆட்டம் கிடைத்தது. கீழ்ப்படிகள் இல்லாதிருந்தால், 24 வயதில் அவரைத் தேசிய அணி கண்டிருக்கவே முடியாது.

நம் பள்ளிகளில் கீழ்ப்படிகள் உண்டா? பெயர்ப்பட்டியல் ஒட்டப்பட்ட மறுநாளே எஞ்சிய பிள்ளைகளின் பயிற்சி நின்றுவிடுகிறது. பந்துகள் தேர்வானவர்களுக்கு, திடலும் தேர்வானவர்களுக்கு. மற்றவர்கள் போட்டி நாளில் கைதட்ட மட்டும் அழைக்கப்படுகிறார்கள். இதை நானும் செய்தேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். பதினோரு, பன்னிரண்டு வயதில் ஓராண்டு மூத்தவனின் உடல்வலிமையைப் பார்த்து ‘திறமை’ என்று குறித்துக்கொள்கிறோம். சிறுத்திருப்பவனை ‘முடியாதவன்’ என்று குறித்துக்கொள்கிறோம். காற்பந்தில் மட்டுமா? கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி, கணிதப் புதிர் என எல்லாவற்றிலும் இதே வழக்கந்தான்.

ஆசிரியர்களே, இரண்டாம் அணி ஒன்றை வைத்திருங்கள். கிண்ணம் வெல்லாத அணியாக இருந்தாலும் அது தொடர்ந்து ஆடட்டும். பெற்றோர்களே, பட்டியலில் பெயரில்லை என்பதற்காகப் பிள்ளையின் காலணியை எடுத்து மூட்டை கட்டாதீர்கள். “டியூஷனுக்காவது நேரம் கிடைத்தது” என்று அவன் காதுபட மகிழாதீர்கள்.

பவுலேட்டா தம் தீவில் சிறுவர்களுக்காக ஒரு காற்பந்துப் பள்ளியை ஏற்படுத்தியுள்ளார். கீழ்ப்படிகளின் அருமையை அவரைவிட அறிந்தவர் யார்?

அந்த ஆறாம் ஆண்டு மாணவன் இப்பொழுது இடைநிலைப்பள்ளியில் பயில்கிறான். அவனை மீண்டும் சந்தித்தால் நான் சொல்லவிருப்பது இதுதான்: “தம்பி, அன்று நான் உனக்குப் பாதிக் கதைதான் சொன்னேன். மீதியைக் கேட்டுவிட்டுப் போ.”

அடுத்த சபைகூடலில் உங்கள் மாணவர்களுக்கு இரண்டு கதைகளையும் சேர்த்தே சொல்லுங்கள். மாற்றுக்கருத்து உடையவர்கள் தயங்காமல் எழுதுங்கள், விவாதிப்போம்.