கண்ணாடித் தொட்டிக்கு முறுக்கே பகை

வீட்டில் செய்த தாங்கியில் பெரிய மீன் தொட்டியை வைத்ததும் நீர் ஒரு பக்கம் உயர்ந்து தெரிகிறதா? உடனே தொட்டியின் மூலைக்கு அடியில் அட்டையைச் செருகுவோர் பலர். அது தவறு என்பேன்.

120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் 45 செ.மீ. உயரத்துக்கு நீர் நின்றால், நீரின் எடை மட்டும் 243 கிலோகிராம்! ஒரு பக்கம் நீர் 1 செ.மீ. உயர்ந்தால் அங்கே அழுத்தம் 45-க்கு 46 ஆகும், அவ்வளவுதான். ஆனால் அட்டை செருகினால் பாரம் முழுவதும் ஓரிரு இடங்களில் குவியும். அடிக்கண்ணாடி முறுக்கப்படும். கண்ணாடி அதிகம் வளைந்து கொடுக்காது; விரிசல் விடும்.

முக்காலி ஆடுவதில்லை, நாற்காலி ஆடும். ஏன்? மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். நான்காவது அமைய வேண்டுமென்பதில்லை. ஆகவே ஆப்பைத் தாங்கியின் காலுக்கு அடியில் வையுங்கள், அதுவும் தொட்டியை ஏற்றுமுன். பலகையின் சிறு மேடுபள்ளங்களைத் தெர்மோகோல் தகடு ஏற்றுக்கொள்ளும்.

மட்டம் பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். உடையார்பாளையத்தில் வீடு கட்டும் கொத்தனாரிடம் கேளுங்கள். காற்றுக்குமிழி இல்லாமல் நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயே போதும். இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். கண் ஏமாறும், நீர் ஏமாறாது.