திருட்டுத் தகட்டை வென்ற தாய்மொழி

கம்ப்யூட்டரில் பந்து ஆடுவதற்கு மொழி தேவை இல்லை. கதை விளையாட்டு அப்படி அல்ல. அதில் அரசன் பேசுவான், மந்திரவாதி மிரட்டுவான், வழிப்போக்கன் புதிர் போடுவான். பேச்சு புரியாவிட்டால் ஆட்டமே புரியாது.

அந்தப் பேச்சை வேறு மொழிக்கு மாற்றப் பணம் வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்கும் குரல் கொடுக்கும் நடிகருக்கும் சம்பளம் உண்டு. ஆயிரம் பேர் வாங்கினாலும், லட்சம் பேர் வாங்கினாலும் இந்தச் செலவு ஒன்றுதான்.

ஆங்கில ஆட்டத்துக்கு உலகமே சந்தை. சிலர் திருடினாலும் கம்பெனி தாங்கும். சிறிய மொழி தாங்குமா? வாங்குகிறவர்களே சில ஆயிரம் பேர். அவர்களும் திருட்டுத் தகடு வாங்கினால், "இந்த மொழியில் வியாபாரம் இல்லை" என்று கம்பெனி கணக்கை மூடிவிடும்.

1990-களில் போலந்து நாட்டின் நிலை இதுதான். கம்ப்யூட்டர் புரோகிராம்களுக்குத் தெளிவான சட்டப் பாதுகாப்பு அங்கே 1994-ல்தான் வந்தது. வந்தும் என்ன? தலைநகர் வார்சாவின் சந்தைகளில் திருட்டுத் தகடுகள் மலிந்து கிடந்தன!

அதே ஆண்டில் மார்ச்சின் இவின்ஸ்கி, மிகாவ் கிச்சின்ஸ்கி என்ற பள்ளித் தோழர்கள் 'சி.டி. புரொஜெக்ட்' கம்பெனியைத் தொடங்கினார்கள். வெளிநாட்டு ஆட்டங்களை வாங்கி விற்பது தொழில்.

1999-ல் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். 'பால்டர்ஸ் கேட்' என்பது கனடாவில் தயாரான ஆட்டம். அதில் பேச்சு ஏராளம். அத்தனையையும் போலந்து மொழிக்கு மாற்றினார்கள். பியோத்ர் ஃபிரான்செவ்ஸ்கி போன்ற பெயர்பெற்ற நடிகர்களைப் பேச வைத்தார்கள். பெட்டிக்குள் வரைபடமும் அச்சிட்ட விதிப் புத்தகமும் வைத்தார்கள்.

ஆட்டம் மொத்தம் 5 தகடுகள். திருடுகிறவனும் 5 தகடு பதிய வேண்டும். அவனுக்கும் செலவு ஏறியது!

முதல் நாளிலேயே 18 ஆயிரம் பெட்டிகள் விற்றன.

"விலை கட்டுபடியாகவில்லை, அதனால்தான் திருட்டுத் தகடு" என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் திருட்டுத் தகட்டுக்குக் கொடுக்கும் காசில் ஒரு பைசாகூட மொழிபெயர்த்தவர் கைக்குப் போவதில்லை. போலீசார் ஒரு தெருவில் பிடித்தால் கடை அடுத்த தெருவில் முளைக்கும். தாய்மொழியில் நல்ல சரக்கு வந்தபோதுதான் போலந்து ஜனங்கள் காசை எடுத்து நீட்டினார்கள்.

பிறகு அந்தக் கம்பெனி சொந்தமாகவே ஆட்டம் தயாரித்தது. 2007-ல் வெளிவந்த அதன் பெயர் 'விட்சர்'. போலந்து எழுத்தாளர் ஆந்த்ஷே சப்கோவ்ஸ்கியின் கதைகளில் பிறந்தது. இந்த முறை போலந்துப் பேச்சை ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது!