அப்பாவின் விலை 29,000 பவுண்ஸ்

லண்டனில் நம்மட ஆக்கள் கூடும் இடங்களில் ஒரு வசனம் அடிக்கடி காதில் விழும். "உழைக்கிறவைக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, உழைக்காததுகளுக்குத்தான் சட்டம்." கணவனையோ மனைவியையோ ஸ்பொன்சர் செய்து கூப்பிடுவதற்குப் பிரித்தானிய அரசு வைத்திருக்கும் வருமான வரம்பைப் பற்றிக் கதை வந்தால், அடுத்ததாக வருவது இந்த வசனம்தான். கோயில் அன்னதானத்திலும் கேட்டிருக்கிறேன், சாமத்திய வீட்டிலும் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் கெட்டவர்களில்லை. ஆனால் அந்த வசனம் பொய். கணக்குப் போட்டே அதைக் காட்டலாம்.

2012 ஜூலையில் இந்த வரம்பு வந்தபோது அது வருஷத்துக்கு 18,600 பவுண்ஸ். 2024 ஏப்ரல் 11 அன்று ஒரே பாய்ச்சலில் 29,000 ஆக்கினார்கள். பிறகு 34,500, அதற்குப் பிறகு 38,700 என்று ஏற்றுவதாகத்தான் அன்றைய கன்சர்வேட்டிவ் அரசின் திட்டம். ஜூலையில் வந்த லேபர் அரசு அந்த ஏற்றத்தை நிறுத்தி வைத்தது. 29,000 அப்படியே நிற்கிறது.

இப்போது அதே அரசு நிர்ணயிக்கிற குறைந்தபட்சச் சம்பளத்தைப் பாருங்கள். 2025 ஏப்ரலில் அது 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மணிக்கு 12.21 பவுண்ஸ் ஆனது. வாரம் 37.5 மணித்தியாலம், வருஷம் 52 வாரமும் வேலை செய்தால் ஏறத்தாழ 23,800. அந்தக் கூலியில் 29,000ஐத் தொட வேண்டுமானால் வாரம் 46 மணித்தியாலம், வருஷம் முழுக்க, ஒரு கிழமை கூட விடாமல் வேலை செய்ய வேண்டியிருந்தது. கெயர் ஹோமில், வெயர்ஹவுஸில், பெற்றோல் ஸ்டேஷனில் நிற்கிறவர்கள் உழைக்காதவர்களா? "இது உனக்குப் போதுமான கூலி" என்று ஒரு கையால் எழுதித் தருகிற அரசு, "இந்தக் கூலிக்காரனுக்கு மனைவி எதற்கு" என்று மறு கையால் எழுதுகிறது.

என் கணக்கையும் சொல்கிறேன். சின்ன வயதில் அகதியாக வந்த அம்மாவோடு வந்து, இங்கேயே படித்து, பிரித்தானியக் குடியுரிமை எடுத்தவள் நான். கல்யாணம் செய்து யாழ்ப்பாணத்தில் சில வருஷம் வாழ்ந்தேன். இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் பிறந்தார்கள். என்னால் பிரித்தானியக் குடிமக்கள், தகப்பனால் இலங்கைக் குடிமக்கள். 2022இல் எரிபொருளுக்கு வரிசை, மருந்துக்குத் தட்டுப்பாடு, மணிக்கணக்கில் கரண்ட் இல்லை என்று நாடு கிடந்தபோது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லண்டன் வந்தேன். மூன்று பேரிடமும் பிரித்தானியப் பாஸ்போர்ட் இருந்தது, வந்தோம். கணிதம் படிப்பிக்கிற என் கணவரிடம் அது இல்லை, அவர் அங்கே நிற்கிறார்.

நான் ஒரு ஆரம்பப் பள்ளியில் உதவி ஆசிரியை. வருஷம் 19,000 பவுண்ஸுக்குக் கிட்ட வருகிறது. கூட உழைக்கலாமே என்றால், யார் பிள்ளைகளைப் பார்ப்பது? மூன்றரை மணிக்குப் பள்ளி விட்ட பிறகு ஏழு மணி வரை இரண்டு பிள்ளைகளையும் பார்க்க ஆள் வைத்தால், மேலதிகமாக உழைப்பதில் பெரும்பகுதி அந்த ஆளுக்கே போய்விடும். வீட்டில் இன்னொரு பெரிய ஆள் இருந்தால் நான் முழுநேர வேலைக்குப் போகலாம். அந்த ஆள் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். அவர் வந்தால் வருமானம் கூடும், வருமானம் கூடினால்தான் அவர் வரலாம். இந்த முடிச்சைப் போட்டவர்கள் எங்களைப் பார்த்து "முயற்சி செய்யுங்கோ" என்கிறார்கள்.

அவர் அங்கே உழைப்பது கணக்கில் சேராது. இங்கே வந்து உழைக்கப் போவதும், முதல் விண்ணப்பத்தில் சேராது. கையில் வேலைக் கடிதம் இருந்தாலும் அப்படித்தான். சேமிப்பைக் காட்டலாம். அதற்கொரு சூத்திரம் உண்டு. குறைகிற தொகையை 2.5ஆல் பெருக்கி, அதோடு 16,000ஐக் கூட்ட வேண்டும். எனக்கு 10,000 குறைகிறது, ஆகவே 41,000 பவுண்ஸ் ஆறு மாதம் வங்கியில் கிடக்க வேண்டும். கடன் வாங்கிப் போட்ட காசு செல்லாது. இதில் ஒரு வர்க்க உண்மை இருக்கிறது. காசுள்ளவன் ஒரு நாள் வேலைக்குப் போகாமலும் 88,500 பவுண்ஸைக் காட்டி மனைவியைக் கூப்பிடலாம். காலை ஐந்து மணி பஸ்ஸில் வேலைக்குப் போகிறவன் கூப்பிட முடியாது. "உழைக்கிறவைக்குப் பிரச்சினை இல்லை" என்ற வசனத்தை இனி யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

அரசு சொல்லும் நியாயம், வருகிறவர் மக்களின் வரிப்பணத்துக்குப் பாரமாகிவிடக் கூடாது என்பது. ஆனால் அந்தக் கதவு ஏற்கெனவே பூட்டியிருக்கிறது. வாழ்க்கைத்துணை விசாவில் வருகிறவர் பொதுநிதி உதவி எதையும் எடுக்கக் கூடாது என்பது விசாவிலேயே உள்ள நிபந்தனை. மருத்துவத்துக்கும் வருஷத்துக்கு 1,035 பவுண்ஸ் படி முன்பணம் கட்ட வேண்டும், முதல் விசாவுக்கே 3,105. வேலைக்குப் போனதும் எல்லாரையும் போல வரியும் கட்டுவார், அதே ஆஸ்பத்திரிக்கு இரண்டாம் தடவையாக. 2025 ஏப்ரலில் வந்த கட்டணங்களின்படி, விண்ணப்பக் கட்டணம் 1,938, பிறகு நீடிப்பு, பிறகு நிரந்தர வதிவிடம் என்று ஐந்து வருஷத்தில் ஒருவருக்கு ஏறத்தாழ 12,000 பவுண்ஸ் போனது. இதில் யார் யாருக்குப் பாரம்?

இனிப் பிள்ளைகளுக்கு வருவோம். எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். இந்த 29,000 கணக்கில் பிள்ளைகளுக்கு இடமே இல்லை. பிள்ளை இல்லாத தம்பதிக்கும் அதே வரம்பு, இரண்டு பிரித்தானியப் பிள்ளைகள் உள்ள எங்களுக்கும் அதே வரம்பு. ஆனால் அதே சட்டப் புத்தகத்தில் இன்னொரு வழி இருக்கிறது. பிரித்தானியப் பிள்ளையின் தகப்பன், தாயை விட்டுப் பிரிந்தவராக இருந்து, பிள்ளையை நேரில் பார்க்கும் உரிமையும் அவருக்கு இருந்தால், பெற்றோர் என்ற வகையில் விண்ணப்பிக்கலாம். அதற்கு இந்த வருமான வரம்பு கிடையாது. அரச உதவி இல்லாமல் வாழ முடியும், தங்க இடமிருக்கிறது என்று காட்டினால் போதும். வாழ்க்கைத்துணையாக விண்ணப்பிக்கக் கூடியவருக்கு இந்த வழி மூடப்பட்டிருக்கிறது. அதாவது நானும் அவரும் சண்டை பிடித்துப் பிரிந்திருந்தால் சட்டம் இளகும். பதினொரு வருஷமாக ஒற்றுமையாக இருப்பதால் இறுகுகிறது. குடும்ப விழுமியம் பற்றித் தேர்தலுக்குத் தேர்தல் பேசுகிற கட்சிகளுக்கு இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

இது யாருக்கும் தெரியாத அநியாயமும் இல்லை. இங்கிலாந்தின் சிறுவர் ஆணையாளர் 2015இல் வெளியிட்ட அறிக்கை, இந்த விதியால் 15,000 வரையான பிள்ளைகள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. "ஸ்கைப் குடும்பங்கள்" என்ற பெயரும் அப்போதுதான் பரவியது. 2017 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வரம்பை வைத்திருப்பது சட்டபூர்வமே என்றது. ஆனால் பிள்ளைகளின் நலனைக் கருத வேண்டிய கடமையை விதிகள் சரியாக நிறைவேற்றவில்லை என்றும் சொன்னது. அரசு என்ன செய்தது? "விதிவிலக்கான சூழ்நிலை" என்றொரு பந்தியைச் சேர்த்தது. ஆக, ஒரு பிள்ளைக்குத் தகப்பன் தேவை என்பதை விதிவிலக்கு என்று நிரூபிக்கும் வேலை எங்கள் தலையில். 2025 ஜூனில் அரசின் சொந்தக் குடிவரவு ஆலோசனைக் குழுவே, குறைந்தபட்சச் சம்பளக்காரரும் எட்டக்கூடியதாக 23,000 முதல் 25,000 வரை வைப்பதை ஒரு தெரிவாக முன்வைத்தது. கேட்டு வாங்கிய அறிக்கை, மேசையில் இருக்கிறது.

நம்மட மூத்தவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நீங்கள் மனைவியைக் கூப்பிட்டபோது வருமானத்துக்கு இப்படி ஒரு தொகை எழுதப்பட்டிருக்கவில்லை. உதவிப்பணம் இல்லாமல் சமாளிப்பீர்களா என்றுதான் பார்த்தார்கள். அப்போதும் கொடுமை இருந்தது. விசாவுக்காகவே கல்யாணம் செய்யவில்லை என்று நிரூபிக்கச் சொன்ன விதி 1997 வரை இருந்தது. அதை எதிர்த்து இந்தியரும் பாகிஸ்தானியரும் பங்களாதேஷிகளும் போராடியதால்தான் அது போனது. அவர்கள் பிடுங்கிய முள்ளின் மேல் நடந்து வந்துவிட்டு, பின்னால் வருகிறவனைப் பார்த்து "செருப்பு வாங்கத் துப்பில்லையா" என்று கேட்பது அழகில்லை.

"அப்ப நீங்கள் அங்க போய் இருக்கலாமே" என்பார்கள். போகலாம். ஆனால் அந்தப் பதிலின் அர்த்தத்தை யோசியுங்கள். என் பிள்ளைகளுக்கு இந்த நாட்டில் வாழும் உரிமை உண்டு, தகப்பனோடு வாழும் உரிமையும் உண்டு, இரண்டையும் ஒன்றாகக் கேட்கக் கூடாது என்று அர்த்தம். வகுப்பில் பக்கத்தில் இருக்கிற பிள்ளையிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. கனடாவில் மனைவியையோ கணவனையோ ஸ்பொன்சர் செய்ய, பொதுவாகக் குறைந்தபட்ச வருமானம் கேட்பதில்லை. ஸ்காபரோவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அக்கா இதே கெயர் வேலைச் சம்பளத்தில் அத்தானைக் கூப்பிட்டார். அதனால் கனடா கவிழ்ந்துவிடவில்லை.

நான் கேட்பது மூன்று. பிரித்தானியப் பிள்ளை இருக்கும் குடும்பத்துக்கு இந்த வரம்பே வேண்டாம். மற்றவர்களுக்கு, முழுநேரக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு மேல் வரம்பு போகக் கூடாது. வரப்போகிறவரின் வேலைக் கடிதத்தை முதல் விண்ணப்பத்திலேயே கணக்கில் எடுக்க வேண்டும். உங்களுக்கு இங்கே வாக்கு இருந்தால் உங்கள் தொகுதி எம்பிக்கு இந்த மூன்றையும் எழுதுங்கள். அவர் பெரும்பாலும் உங்கள் கடிதத்தை எதிர்பார்த்திருக்க மாட்டார். நம்மட ஆக்கள் இதுவரை வேறு விஷயங்களுக்குத்தான் அவரிடம் போயிருக்கிறோம்.