மீன் சந்தையும் மருந்துக்கு அடங்காத கிருமியும்: தஞ்சை மகாஜனங்களுக்கு ஒரு விண்ணப்பம்

தஞ்சை நகரத்தும் சுற்றுக் கிராமங்களிலும் வாழும் மகாஜனங்களே,

மல்லிப்பட்டினத்திலும் நாகப்பட்டினத்திலும் கரையேறிய கடல்மீனும், ஊராட்சிக் குளங்களைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் வலைவீசிப் பிடித்த கட்லாவும் ரோகுவும் விராலும் கீழவாசல் சந்தையில் வந்து குவிவதைக் கண்டு, இந்தக் காவிரி நாட்டுக்கு என்ன குறை என்று மகிழ்ந்தவர்களே நாங்களும். மீன் உண்பதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. அந்த மீனோடு கண்ணுக்குப் புலப்படாமல் வீட்டுக்குள் வரும் கிருமிகளுள் சில, நாம் நம்பியிருக்கும் மருந்துகளுக்கு அடங்காதவையாகி வருகின்றன என்ற அபாயத்தைத் தெரிவிக்கவே இவ்விண்ணப்பம்.

கொதிக்கிற குழம்பில் எந்தக் கிருமி பிழைக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. குழம்புக்குள் போனது பிழைக்காது என்பது வாஸ்தவம். மீன் அரிந்த அரிவாள்மணையிலேயே கழுவாமல் அரிந்த பச்சை வெங்காயம் கொதிப்பதில்லையே! கடல்மீனில் விப்ரியோ என்னும் கிருமியினம் இயல்பாகவே உண்டு. அவ்வினத்தில் ஒரு வகை 1996-ல் கல்கத்தாவில் தலைகாட்டிப் பல தேசங்களில் வயிற்றுப்போக்கைப் பரப்பிற்று. சாக்கடை கலந்த குளத்து மீனிலும், அழுக்கு நீரில் அலசிய மீனிலும் ஈ.கோலி, சால்மோனெல்லா முதலியவை சேர்கின்றன.

இவற்றினும் கவலைக்குரியது மருந்தின் துர்உபயோகம். பெனிசிலினைக் கண்ட அலெக்ஸாண்டர் பிளெமிங், 1945-ல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, குறைந்த அளவு மருந்து கிருமியைக் கொல்லாது, பழக்கிவிடும் என்று எச்சரித்தார். நோய் வருமுன்னரே தீவனத்தில் மருந்தைக் கலந்து குளத்தில் இடுகிறவர்கள், அது நீரில் கரைந்து சேற்றில் தங்க, அவர் அஞ்சிய காரியத்தையே செய்கிறார்கள். ஓரினக் கிருமி அடைந்த எதிர்ப்புச் சக்தியை வேறோர் இனத்துக்குக் கொடுக்கும் வல்லமை கிருமிகளுக்கு இருப்பதால், மீனின் கிருமி பெற்ற பலம் நாளை ஆஸ்பத்திரியில் கிடக்கும் நோயாளியின் கிருமிக்கும் போய்ச் சேரக்கூடும். வேறு மருந்து பலிக்காதபோது வைத்தியர்கள் கடைசியாகக் கையிலெடுக்கும் கோலிஸ்டினை மீன், கோழி, கால்நடை வளர்ப்பில் உபயோகிக்கக் கூடாது என்று மத்திய சர்க்கார் 2019 ஜூலையில் தடைசெய்தது இதனால்தான். ஐரோப்பாவுக்குப் போகும் இறாலில் மருந்தின் எச்சம் உண்டா என்று சோதித்துக் கப்பலேற்றுகிறோம். நம் வீட்டுக் குழந்தைகள் அந்நாட்டுக் குழந்தைகளுக்கு எதில் தாழ்ந்தவர்கள்?

தரையில் கூறு கட்டி விற்கும் பெண்கள்மீது பழிபோடுவது சுலபம். அவர்களுக்கு ஐஸும், நல்ல தண்ணீர்க் குழாயும், மேடையும், வடிகாலும் கிடைக்கும்படி நகர நிர்வாகத்தை நாம் ஒன்றுகூடிக் கேட்கவேண்டும். ஐஸில் வைத்த மீனையே வாங்குங்கள். அதன் நீர் காய்கறியில் சொட்டாதபடி தனிப் பையில் கொண்டுபோங்கள். அரிந்தபின் மணையையும் கையையும் சோப்பிட்டுக் கழுவுங்கள். குத்தகைக்காரர்களே, மீனுக்கு நோய் கண்டால் மருந்துக்கடையை நாடாமல், நாகப்பட்டினத்து மீன்வளப் பல்கலைக்கழகத்தாரையோ மீன்வளத்துறையாரையோ கலந்தாலோசியுங்கள். அட்டையில் சிவப்புக் கோடிட்ட கிருமிக்கொல்லி மருந்தை வைத்தியர் சீட்டின்றி எவரும் வாங்கவேண்டாம், எவரும் விற்கவேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தஞ்சை நகரவாசிகள் சிலர்