பேரனைப் பார்க்க ஒரு மனு

எங்கள் தெருவில் அஞ்சல் துறையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஒரே மகள். 2021ஆம் ஆண்டு மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில், அந்தப் பெண் இறந்துபோனாள். அவள் மகனுக்கு அப்போது நான்கு வயது. பிறந்தது முதல் பாதிக்காலம் தாத்தா வீட்டிலேயே வளர்ந்த பிள்ளை. அடுத்த ஆண்டு மருமகன் மறுமணம் செய்துகொண்டார். அதில் பிழை காண எனக்கு மனமில்லை. பெரியவரும் குறை சொன்னதில்லை. சில மாதங்கள் கழித்து மருமகனிடமிருந்து செய்தி வந்தது: பையன் குழம்பிப் போகிறான், சிறிது காலம் நீங்கள் வரவேண்டாம். அந்தச் சிறிது காலம் ஆண்டுக்கணக்கில் நீண்டுவிட்டது. தொலைபேசியை எடுப்பதில்லை. பிறந்தநாளுக்கு அனுப்பிய பொட்டலம் திரும்பி வந்தது. நாற்பதாண்டுக் காலம் ஊரார் கடிதங்களை உரியவரிடம் சேர்த்த மனிதருக்கு வந்த விதி இது.

அண்மையில் அவருடன் ஒரு வக்கீலைப் பார்க்கச் சென்றிருந்தேன். நேர்மையானவர், உள்ளதை உள்ளபடியே சொன்னார். "பேரனைப் பார்க்கணும்னு மட்டும் கேட்டா நிக்கறது கஷ்டம் சார். பிள்ளையை எங்ககிட்டயே ஒப்படைங்கன்னு மனுப் போடுங்க. அப்பாவுக்குக் குடிப்பழக்கம், சித்தி சரியாப் பாத்துக்கறதில்லைன்னு ரெண்டு வரி சேத்துக்கலாம். வழக்கு நடக்கட்டும். நடுவுல மாசம் ஒரு தடவை பாக்கறதுக்கு உத்தரவு வாங்கப் பாப்போம்."

பெரியவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு சொன்னார்: "மாப்பிள்ளை குடிக்கமாட்டாருங்களே."

அந்த ஒற்றை வாக்கியத்தைச் சட்டம் எதிர்கொண்டாக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இந்தியாவில் ஒரு குழந்தையின் பாட்டனோ பாட்டியோ அக்குழந்தையைச் சந்திப்பதற்கென்று சட்டம் வகுத்தளித்த தனியுரிமை ஏதுமில்லை. 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம்தான் இன்றும் அடிப்படை. அச்சட்டத்தின்படி குழந்தையின் உறவினர் எவரும் நீதிமன்றத்தை அணுகலாம், ஆனால் எதற்காக? பாதுகாவலரை நியமிக்கக் கோருவதற்காக. பெற்றவர் ஒருவர் உயிருடன் இருந்து, தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாதவரை, வேறொருவரை நியமிக்கலாகாது என்று அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு தடுக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் பாதுகாவலர் சட்டமோ தந்தையையும் அவருக்குப் பின் தாயையும் இயற்கைக் காப்பாளர் என்கிறது. விவாகரத்து வழக்கில் குழந்தையைப் பற்றிய உத்தரவுகள் பிறப்பிக்க இந்துத் திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவு இடந்தருகிறது. ஆனால் அது கணவன் மனைவிக்கு இடையிலான வழக்கு. மகள் இறந்துவிட்டால் அந்த வழக்கே இல்லை.

ஆக, இருக்கின்ற கதவு ஒன்றே. அதன் வழியே நுழைய விரும்பும் தாத்தா, பிள்ளையின் தகப்பன் தகுதியற்றவன் என்று மெய்ப்பிக்க முயலவேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பேரனைப் பார்க்க விரும்புகிறவரிடம், பேரனையே பறித்துக்கொள்ளக் கேள் என்கிறது சட்டம். உறவை ஒட்டவைக்க வந்தவன் கையில் அரிவாளைக் கொடுப்பது போன்றது இது. மனுவில் அந்த இரண்டு வரிகள் ஏறிய பிறகு, தீர்ப்பு எப்படி அமைந்தாலும், அந்த மருமகன் வீட்டு வாசலில் இவர் இனி எந்த முகத்துடன் நிற்பார்?

நீதிபதிகள் இரக்கமற்றவர்கள் என்று நான் கூறவில்லை. குழந்தையின் நலனே தலையாயது என்னும் விதியைக் கொண்டும், காப்பற்ற சிறார்க்கு நீதிமன்றமே பெற்றோர் என்னும் கோட்பாட்டைக் கொண்டும் தாத்தா பாட்டியருக்குச் சந்திப்பு நேரம் அளித்த உயர்நீதிமன்றத் தீர்ப்புகள் உள்ளன. அவை கருணையின் பாற்பட்டவை. ஒரு நீதிபதி வழங்குவார், மற்றொருவர் வழங்கமாட்டார். உரிமை என்பது நீதிபதியின் மனம் எப்படியிருப்பினும் கேட்டுப் பெறத்தக்கது. கருணைக்கும் உரிமைக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத் தமிழ் படித்தவர்களாகிய நாம், புரவலன் வாயிலில் நின்ற புலவர்களைப் பற்றிப் பாடம் நடத்துகிற நாம், அறியாதவர்கள் அல்லர்.

இதை எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் சொன்னபோது நண்பரொருவர் சீறினார். குடும்பத்துக்குள் சட்டம் எதற்கு? பெற்றவர்கள் முடிவே முடிவு. இதையெல்லாம் நீதிமன்றம் கொண்டுபோவது மேலைநாட்டு நோய் என்றார். நண்பர் மறந்துவிட்டார்: சட்டம் எப்போதோ குடும்பத்துக்குள் வந்து சம்மணமிட்டு அமர்ந்துவிட்டது. 2007ஆம் ஆண்டு நிறைவேறிய பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தைப் பாருங்கள். அதில் 'பிள்ளைகள்' என்னும் சொல்லுக்குப் பேரன் பேத்தியும் அடக்கம். மைனராக இருக்கக்கூடாது, அவ்வளவே. அதாவது தன்னைக் காத்துக்கொள்ள இயலாத பாட்டன், பதினெட்டு வயது கடந்த பேரனிடம் சோறு கேட்டு வழக்காடலாம். அதற்கு முந்தைய பதினெட்டு ஆண்டுகளில் அந்தப் பேரனின் முகத்தைப் பார்க்க மட்டும் வழக்காட முடியாது. முகமறியாத பையன் எந்த அன்பில் சோறு போடுவான்?

சொத்தில் இன்னும் விநோதம். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலெழுதாமல் மகன் இறந்தால் அவன் சொத்தில் அவனுடைய மனைவி, மக்களோடு தாய்க்கும் பங்குண்டு. முதல் வகுப்பு வாரிசுகளில் தாயும் ஒருத்தி. எனவே பாட்டியும் பேரனும் பாகப்பிரிவினை வழக்கில் எதிரெதிராக நிற்பதற்குச் சட்டம் பாதை வெட்டி வைத்திருக்கிறது. அரை ஏக்கர் நிலத்துக்காகச் சந்திக்கலாம். மடியில் உட்காரவைத்துக் கதை சொல்வதற்காகச் சந்திக்க இயலாது. இதைக் கண்டு சீறாத என் நண்பர், பார்க்கும் உரிமை என்றதும் மேலைநாடு என்கிறார்.

தமிழ்ப் பெருமை பேசி இவ்வுரிமையை நிறுவிவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. பேரன் என்பது பெயரன் என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்குபவன். யாழ்ப்பாணத்துப் பேச்சிலோ பேரன், பேத்தி என்றால் பாட்டனும் பாட்டியுமே. ஒரே சொல் இரு முனையையும் குறிக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குள் ஒரு மகிழ்ச்சி எழும். ஆயினும் இந்த மகிழ்ச்சியை வழக்குமன்றத்துக்கு எடுத்துச் செல்ல நான் அஞ்சுகிறேன். ஏனெனில் நம் வழக்கத்தில் முதற்பிள்ளைக்குப் பெயர் கொடுத்தவர் பெரும்பாலும் தந்தைவழிப் பாட்டனே. பெண்ணைப் பெற்றவர் இரண்டாம் பிள்ளைக்குக் காத்திருக்க வேண்டும். மரபிலிருந்து உரிமையைக் கறந்தால் எங்கள் தெருப் பெரியவருக்கு அதில் துளியும் கிட்டாது.

கொரோனாவில் தாய் தந்தை இருவரையும் இழந்த குஜராத்துச் சிறுவன் ஒருவன் வழக்கில், உயர்நீதிமன்றம் தாயின் சகோதரியிடம் ஒப்படைத்த பிள்ளையை 2022 ஜூனில் உச்சநீதிமன்றம் தந்தையின் பெற்றோரிடம் ஒப்படைத்தது. வயதும் வருமானமும் மட்டும் அளவுகோல் ஆகா என்று அது கூறியதை வரவேற்கிறேன். ஆனால் நம் சமூகத்தில் தந்தைவழித் தாத்தா பாட்டியர் பேரனை மேலாகப் பேணுவர் என்ற பொருள்படச் சொன்னதை அவ்வாறு வரவேற்க இயலவில்லை. மகளைப் பெற்றவர்கள் எதில் குறைந்துபோனார்கள்?

என் கருத்துக்கு வலிமையான மறுப்பு நண்பரிடமிருந்து வரவில்லை. வீட்டில் என் மனைவியிடமிருந்து வந்தது. "கைம்பெண்ணான மருமகளை யோசித்தீர்களா? வாரிசு எங்களுடையது, நீ போகலாம் என்று பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு பெண்ணைத் துரத்திய மாமனார் மாமியார் எத்தனை பேர்! அவர்களுக்கு இன்னொரு ஆயுதமா?" இரண்டு நாள் இதற்கு என்னிடம் விடையில்லை. அது உண்மை. நம் ஊர்களில் 'எங்கள் ரத்தம்' என்ற சொல்லுக்குப் பின்னால் பல பெண்களின் கண்ணீர் இருக்கிறது.

யோசித்துப் பார்க்கையில், இன்றைய சட்டம்தான் அந்த ஆயுதத்தை வழங்குகிறது என்று தோன்றுகிறது. பறிப்பதற்கு மட்டும் வழி வைத்து, பார்ப்பதற்கு வழியில்லாமல் செய்தால், நல்லெண்ணம் கொண்ட கிழவியும் பறிக்கிறவள் வேடத்தில்தான் நீதிமன்றம் ஏறவேண்டும். மருமகளும் அவளை அப்படித்தான் காண்பாள். குழந்தையின் காப்புரிமையைத் தொடாத, வளர்ப்பில் தலையிடாத, மாதத்தில் சில மணி நேரம் மட்டுமேயான குறுகிய உரிமை ஒன்று தனியாக இருந்தால், அந்தத் தாயின் அச்சம் பாதியாகக் குறையும். கொடுமை செய்த வரலாறு இருந்தால் மறுத்துவிடலாம்.

பிரான்சின் உரிமையியல் சட்டம் இதை அழகாகச் செய்திருக்கிறது. அதன் 371-4ஆம் பிரிவு உரிமையைத் தாத்தாவுக்குத் தரவில்லை, குழந்தைக்குத் தருகிறது. தன் மூதாதையருடன் உறவு பேணும் உரிமை குழந்தையினுடையது. அக்குழந்தையின் நலன் ஒன்றே அதற்குத் தடையாக முடியும். இங்கிலாந்தின் 1989ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் இன்னும் எச்சரிக்கையானது: தாத்தா பாட்டி முதலில் வழக்குத் தொடுப்பதற்கே நீதிமன்ற அனுமதி பெறவேண்டும். வீம்புக்கு வருகிறவர்களை வாயிலிலேயே சலித்துவிடலாம்.

அமெரிக்காவின் அனுபவம் நமக்கு எச்சரிக்கை. வாஷிங்டன் மாநிலச் சட்டம் எவரும் எப்போதும் குழந்தையைப் பார்க்கக் கோரலாம் என்று வரம்பில்லாமல் திறந்துவிட்டிருந்தது. மகனை இழந்த தாத்தா பாட்டி அதைக் கொண்டு வழக்காடினர். அந்தத் தாயோ சந்திப்பை முழுக்க மறுத்தவள் அல்லள், குறைத்தவள். 2000ஆம் ஆண்டில் டிராக்ஸல் வழக்கில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தாயின் பக்கம் நின்றது. நியாயமான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். பெற்றவளின் முடிவுக்கு உரிய மதிப்பைத் தராத சட்டம் நிற்காது. குறைப்பது வேறு, அடியோடு அறுப்பது வேறு; நான் பேசுவது இரண்டாவதைப் பற்றி.

நாமும் இதை எண்ணிப் பார்க்காமலில்லை. நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் 2015 மே மாதம் அளித்த 257ஆம் அறிக்கை, குழந்தைக் காப்பு வழக்குகளுக்கான வழிகாட்டு நெறிகளில் தாத்தா பாட்டியருடன் குழந்தை கழிக்கும் நேரத்தையும் சேர்க்கச் சொன்னது. பத்தாண்டு கடந்தும் அது அறிக்கையாகவே இருக்கிறது. 1890ஆம் ஆண்டின் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும். பெற்றோர் தகுதியற்றவர் என்று குற்றம் சாட்டாமலே, சந்திப்பை மட்டும் கோரும் மனு; முதலில் சமரச மையம்; குழந்தையின் விருப்பத்தைக் கேட்டறிதல்; இருவழிப் பாட்டன் பாட்டியருக்கும் ஒரே தகுதி. இதற்குப் பெரும்பொருட்செலவு ஏதுமில்லை. ஆனால் முதியோருக்கு வாக்கு உண்டு, அவர்களுடைய ஏக்கத்துக்கு வாக்கு இல்லை. தேர்தல் அறிக்கைகளில் ஓய்வூதியம் வரும், பேருந்துச் சலுகை வரும், இது வராது.

தட்டச்சு செய்த மனுவைப் பெரியவர் என்னிடம் கொண்டுவந்தார், தமிழ் சரியாக இருக்கிறதா பார்க்கச் சொல்லி. ஒற்றுப்பிழை இரண்டைத் திருத்தினேன். ஐந்தாம் பத்தியில் குடிப்பழக்கம் பற்றிய வரியையும், சித்தியைப் பற்றிய அடுத்த வரியையும் அவர் ஏற்கெனவே பென்சிலால் மெல்லியதாக அடித்திருந்தார். அவற்றை எடுத்துவிட்டால் மனு நிற்குமா என்று வக்கீலிடம் தொலைபேசியில் கேட்டேன். கடினம் என்றார். மனு இன்னும் கையெழுத்தாகாமல் அவர் மேசை இழுப்பறையில், திரும்பி வந்த பொட்டலத்தின் மேல் கிடக்கிறது. பையனுக்கு இப்போது சட்டை அளவு என்ன இருக்கும் என்று நேற்று என்னிடம் கேட்டார்.